புள்ளி டீச்சர் ஏறிய படிகள்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, சக ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, பிள்ளைகளே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் டீச்சரின் கணவரே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

எப்படி ஆரம்பிப்பது? முப்பது வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுத்து, பேசிப் பிழைக்கிறவன் நான். போன செவ்வாய்க்கிழமை காலை ஆசிரியர் அறையில் என் எதிரே நின்று, "மூணாம் பீரியட் நீங்க பாத்துக்குங்க சார், பன்னெண்டுக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் எங்கள் டீச்சர். பதினொன்று நாற்பதுக்குத் தொலைபேசி அடிக்கிறது. கல்வி அலுவலகத்தின் இரண்டாம் மாடிப் படியில் விழுந்தவர் எழவே இல்லை என்கிறார்கள். மாரடைப்பாம். நாற்பத்தாறு வயது! இது நடக்கிற காரியமா? இந்த வாரத்துப் பாடவேளை அட்டவணையை அவர்தான் எழுதி ஒட்டிவிட்டுப் போனார். அதில் இன்று இரண்டாம் பாடவேளை அவருடையது. சற்றுமுன் அந்த மணி அடித்ததும் நான் கதவைப் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள், எனக்குத் தெரியும்.

புள்ளி டீச்சர்! சிறப்பாசிரியர் என்பது பதவி. பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் புள்ளிகளை இந்தப் பள்ளிக்குக் கொண்டுவந்ததால் பிள்ளைகள் கொடுத்த பட்டம் புள்ளி டீச்சர். பதவியைவிடப் பட்டம்தான் நிலைத்தது.

அவருக்கு நான் நண்பனாக இருந்தேனா? இல்லை. எதிராளியாகத்தான் இருந்தேன். அதை மறைத்துவிட்டு இங்கே புகழ்ந்து பேசினால் அது பொய்.

மூன்று வருடத்துக்கு முன்னால், தையல் வேலை செய்யும் ஒரு அம்மா தன் மகளை எட்டாம் வகுப்பில் சேர்க்க வந்தார். மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஓயாமல் கேள்வி கேட்பதால் நாம் எல்லோரும் 'கேள்விக்குறி' என்று கூப்பிடும் பெண்தான். ஆசிரியர் கூட்டத்தில் நான் எழுந்து சொன்னேன்: "நல்ல பொண்ணுதான், பாவம். ஆனா முக்கோணத்தை நான் எப்படிக் காட்டுறது? இதுக்குன்னே தனிப் பள்ளி இருக்கே, அங்க அனுப்பிடலாம்."

புள்ளி டீச்சர் கேட்டார்: "நீங்க கண்ணாலதான் கணக்குப் போடுறீங்களா சார்? மூளையாலன்னுல்ல நெனச்சேன்!"

அறையே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். மறுநாள் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். போகும்போது, நான் சொன்ன வார்த்தைகளை எண்ணி எழுதிய ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். 'இது' நாற்பத்து மூன்று தடவை, 'அதை' இருபத்தாறு, 'இங்கே' பத்தொன்பது. "இதை இங்கே கொண்டுவந்து அதோடு கூட்டினால் இது" என்று கரும்பலகையைக் காட்டிக் காட்டியே நான் காலம் தள்ளியிருக்கிறேன்!

ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு, எழுதுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நூலும் குண்டூசியும் ரப்பர் விரிப்பும் கொண்டு அவர் முக்கோணம் செய்து தந்தார். கேள்விக்குறி தடவிப் படித்தாள். ஒரு மாதத்தில் என்ன நடந்தது தெரியுமா? நல்ல பார்வையுள்ள, ஆனால் கணக்கென்றால் காத தூரம் ஓடுகிற பிள்ளைகள் கை தூக்க ஆரம்பித்தார்கள். "இப்பதான் சார் நீங்க சொல்றதே புரியுது" என்றாள் ஒருத்தி. யாருக்காகச் செய்தது, யாருக்கெல்லாம் பலித்தது!

அப்போதும் நான் முழுதாகத் திருந்தவில்லை. இந்த ஆண்டு கேள்விக்குறிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு. கணக்குத் தாளிலிருந்து விலக்குக் கேட்கும் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டேன், அந்த அம்மாவும் போட்டார். சிரமப்படுத்த வேண்டாமே என்ற நல்ல எண்ணம்தான். புள்ளி டீச்சர் சத்தம் போடவில்லை. பெண்ணைக் கூப்பிட்டார்.

"கணக்கு வேண்டாம்னு எழுதியிருக்காங்க. உன்னைக் கேட்டாங்களா?"

"இல்ல டீச்சர்."

"வேணுமா, வேண்டாமா?"

"வேணும். சார் சர்வசம முக்கோணத்தைப் பாதியில நிறுத்தியிருக்கார். மீதி யார் சொல்லுவா?"

அதற்கப்புறம் அந்தப் படிவம் எதற்கு? கிழித்துப் போட்டோம். அவள் சொல்வதை எழுத ஒருவரும், கூடுதலாக ஒரு மணி நேரமும் வேண்டும். அதற்கான அனுமதியைத் தரும் மாற்றுத்திறனாளிகள் பிரிவு கல்வி அலுவலகத்தின் மூன்றாம் மாடியில். மின்தூக்கியில் 'பழுது' என்ற அட்டை. நான்கு முறை ஏறினார். ஒருமுறை முத்திரை இல்லை, ஒருமுறை புகைப்படம் சிறியது, இரண்டு முறை அதிகாரி விடுப்பு. "இந்தப் பிரிவை மூணாம் மாடியில வச்ச புண்ணியவானுக்கு ஒரு மாலை போடணும் சார்" என்று மூச்சு வாங்கியபடியே சிரித்தார். நானும் சிரித்தேன். "கொடுங்க டீச்சர், நான் போறேன்" என்று ஏன் சொல்லவில்லை? அந்த ஒரு வார்த்தை ஏன் என் வாயில் வரவில்லை? ஐந்தாம் முறை அவர் ஏறியதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

வியாழக்கிழமை, டீச்சர் கையோடு கொண்டுபோயிருந்த அந்த அனுமதிக் கோப்பை எடுத்துக்கொண்டு நானும் கேள்விக்குறியும் அவள் அம்மாவும் போனோம். "நீ கீழேயே இரும்மா" என்றேன். "என் பரீட்சைக்கு நான்தானே சார் வரணும்" என்றாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் என் கால் தயங்கியது. அவள் நின்றுவிட்டாள். "இங்கதானா சார்?" என்று கேட்டாள். குனிந்து அந்தப் படியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவள்தான், "வாங்க, ஆபீஸ் மூடிடப் போறாங்க" என்றாள்.

மேலே ஐந்து நிமிடத்தில் கையெழுத்தாகிவிட்டது. ஐந்தே நிமிடம்! ஓர் உயிர் இதற்காகவா போனது?

இன்னும் பன்னிரண்டு நாளில் கேள்விக்குறி கணக்குத் தேர்வு எழுதுகிறாள். அது உறுதி.

உறுதியில்லாதது ஒன்று இருக்கிறது. புள்ளி டீச்சரின் மேசை இழுப்பறையில் அடுத்த ஆண்டுக்கான ஐந்து பிள்ளைகளின் விண்ணப்பங்கள் இருக்கின்றன. ஒருவருக்குக் காது கேட்காது, ஒருவர் சக்கர நாற்காலியில் வருகிறவர். புதிய சிறப்பாசிரியர் வரும்வரை அவற்றை ஒத்திவைக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது.

தலைமையாசிரியர் அவர்களே, இரங்கல் கூட்டத்தில் கேட்பது முறையல்ல. ஆனாலும் கேட்கிறேன், ஒத்திவைக்காதீர்கள். எனக்குப் பிரெய்ல் தெரியாது, கற்றுக்கொள்கிறேன். அறிவியல் டீச்சரும் நூலகரும் தினம் ஒரு பாடவேளை தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தப்புத் தப்பாகச் செய்வோம். ஆனால் ஒரு பிள்ளையையும் வாசலோடு திருப்பி அனுப்ப மாட்டோம்.

தலையசைக்கிறீர்கள். நன்றி, ஐயா. ஆனால் அந்த ஐந்து பேரின் பெற்றோரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இத்தனை தலைகளைத் தாண்டி அது அவர்களுக்குத் தெரியாது. உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள்.

இதோ, மைக்.