கப்பு ஜெயிச்சவனுக்கு ஒரு பேனர்

இல்ல ராஜேசு, அந்தக் கைய மட்டும் அழிச்சிட்டா போதாது. புதுசாவே ஒண்ணு அடி. சாயங்காலத்துக்குள்ள வில்லியனூர் கூட்ரோட்டுல கட்டியாவணும். எதுக்கு அவசரமா? எம்புள்ள அரிகரன் ரெண்டு நாளா போன எடுக்க மாட்டேங்குறான்பா, வூட்டுக்கும் வரல. ஆஸ்டல்லயே கெடக்குறான். அல்லாம் நீ அடிச்ச பேனராலதான். சரி, நான் அடிக்கச் சொன்ன பேனராலதான். இப்ப திருப்தியா?

இன்னா போட்டியா? அத்த ஏன் கேக்குற. வக்கீலுக்குப் படிக்கிற பசங்க கோர்ட்டு மாதிரியே நின்னு வாதாடுறானுங்களாம். நானும் மொத வரிசையில போய்க் குந்திகினு பாத்தன். கேசு பொய்யி, கட்சிக்காரனும் பொய்யி. இல்லாத ஊருல, இல்லாத ஏரியில, எவனோ மண்ணு அள்ளிட்டானாம். ஜட்ஜுன்னு மேல மூணு பேரு. ஒருத்தரு கடியாரத்தப் பாக்குறாரு, ஒருத்தரு பேப்பரப் பாக்குறாரு, இன்னொருத்தரு தட்டுல வச்ச வடையவே பாக்குறாரு. இதுல இருமொழிப் போட்டி வேற. டீமுக்கு ரெண்டு பேரு. ஒருத்தரு இங்கிலீசுல பேசணும், ஒருத்தரு தமிழ்ல. ஜட்ஜு எதுல கேட்டாலும் அதுல பதில் சொல்லணும். தமிழ்ல பேசுறதுக்கெல்லாம் கப்புன்னா, என் உரக்கடைக்கு யூரியா கேட்டு வர்ற அத்தினி பேருக்கும் குடுக்கணுமே!

எம்பையன்தான் இங்கிலீசு. எல்கேஜிலேந்து டவுனு பள்ளிக்கூடம் ஆச்சே. தமிழுக்கு பிரியதர்ஷினின்னு ஒரு பொண்ணு, ஊரு குருவிநத்தம். அவங்கப்பன் பாக்யராஜ் என்கிட்டதான் கரும்புக்கு உரம் வாங்குறான். அது போட்டிருந்த கோட்டு கூட இரவலு, தோளு ஒரு பக்கமா எறங்கிக் கெடந்துச்சு.

மண்ணு அள்ளனவனுக்காக இவன் கடகடன்னு பேசனான். எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா ஷோக்கா இருந்துச்சு. அப்ப அந்த வடை ஜட்ஜு தமிழ்ல கேக்குறாரு. ஏன்பா, ஏரி ஊரோடது, தண்ணி ஊரோடது, மண்ணு மட்டும் எப்படி உங்க ஆளோடதாச்சுன்னு. இவன் முழிக்கிறான். வூட்ல சோறு கேக்குறது தமிழ்லதானடா, எதனா சொல்லித் தொலடான்னு எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது. அந்தப் பொண்ணு எழுந்துச்சு. அள்ளிக்கோன்னு அனுமதி குடுத்ததே அந்த ஊருதான்யா, குடுத்துட்டு அப்பறம் திருடன்னு சொன்னா நாயமான்னு ஒரே போடு. இன்னா பெரிய வாதம்? எங்கடையில தெனம் நடக்குற பேச்சு. அதுக்குப் போயி கை தட்டுறானுங்க!

கப்பு ரெண்டு பேருக்கும்தான். ஆனா மேடையில அத்தப் புடிச்சிகினு நின்னது அந்தப் பொண்ணு. இவன் பக்கத்துல கையக் கட்டிகினு நிக்கிறான், தண்டம். அந்த போட்டோவுலேந்து பொண்ண எடுத்துரு, கப்ப எம்பையன் பக்கமா நவுத்திடுன்னு உங்கிட்ட சொன்னவன் நாந்தான், இல்லன்னு சொல்லல. ஆனா வேலைன்னா சுத்தமா செய்ய வேணாமா? அதோட வளையல் போட்ட கைய கப்புலயே வுட்டுட்ட. டீக்கடயில அத்தினி பேரும் கேக்குறான், இன்னா பச்சையப்பா, உம்புள்ளைக்கு மூணு கையான்னு.

அதான் சொல்றன், அந்தப் பொண்ண முழுசா போடு. கப்பு அது கிட்டயே இருக்கட்டும். பேரு மேல, பெருசா. இவன் பேரு அதுக்குக் கீழ. எனக்கு ஒண்ணும் மனசு மாறல, அப்டி நெனச்சிக்காத. அது பேசுன நாலு வார்த்தைக்கு இது ஜாஸ்திதான்.

என் போட்டோவா? கீழ, வாழ்த்தும் அன்புத் தந்தைன்னு போட்டியே, அதுவா? வேணாம்பா. பழசப் போயிப் பாக்கலியா நீ? மொத்தமா கிழிச்சிப் போட்டிருந்தா கோவம்னு வுட்டுடலாம். முந்தாநேத்து காலையில எம்புள்ள பஸ்ஸ வுட்டு எறங்கி, டீக்கடயில ஏணி கேட்டு வாங்கி, மேல ஏறி, என் மொகத்த மட்டும் பிளேடால சதுரமா அறுத்து எடுத்துட்டுப் போயிட்டான். ஒரு பிசிறு இல்ல. மீதி அப்டியே தொங்குது. ரோட்டுல நின்னு பாத்தா அந்த ஓட்டை வழியா என் கடை போர்டு தெரியுது.

அந்த எடத்தக் காலியா வுடு. அவன் இந்தப் பக்கம் வந்து, எங்கப்பன் போட்டோவயும் போடுன்னு சொன்னா, எனக்கு ஒரு போன் அடி. கடையிலதான் இருப்பன்.