சார்ஜன்ட் நல்லமுத்து கையெழுத்திடாத காகிதம்

அக்கிராசனாதிபதி முருகப்பன் செட்டியார் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! சம்பான் படகுக்காரர்களே, துறைமுகத்துத் தொழிலாளிகளே! கணவரைப் பறிகொடுத்து அமர்ந்திருக்கும் தனலெட்சுமி அம்மையார் அவர்களே! எல்லோருக்கும் அய்யாக்கண்ணுவின் வணக்கம்.

சார்ஜன்ட் நல்லமுத்து அவர்கள் போன ஞாயிற்றுக்கிழமை காலமானார். கடற்போலீஸ் படகில் பதினேழு வருஷம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான். அதனால்தான் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் இந்த மேடையில் நிற்பதே எனக்கு அருவருப்பாக இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அதோ, படத்துக்கு முன்னால் ஆளுயர மலர்வளையம். அனுப்பியவர் யார்? கூலியாட்களைக் கரை சேர்க்கும் ஒப்பந்தக்காரர். அவர் பெயரைச் சொல்லி என் வாயைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். மேடையில் மூன்றாவது நாற்காலியில்தான் இருக்கிறார். சற்று முன்பு கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐயா, அந்தக் கைக்குட்டை கொஞ்சமாவது நனைந்ததா?

முணுமுணுக்காதீர்கள். நல்லமுத்து யார் என்று சொல்ல வேண்டாமா?

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது கடற்போலீசுக்குத் துடுப்புப் படகுதான். நம் ஜனங்கள் போலீஸை மலாயில் சொல்வதுபோல 'தண்ணி மாத்தா' என்று கேலி செய்வார்கள். திருட்டு அபினைத் துரத்துவதும் அவர்கள்தான், பாய்மரம் முறிந்தவனை இழுத்து வருவதும் அவர்கள்தான், மிதக்கும் பிணத்தை எடுப்பதும் அவர்கள்தான். பிறகு நீராவிப் படகு வந்தது. புகையில் கண் எரிய எரிய அதையும் ஓட்டினார். பிறைத் துறையிலிருந்து ஜெரிஜாக் தீவு வரை எந்த இடத்தில் மணல்மேடு, எந்த இடத்தில் சுழல் என்று அவரைக் கேட்டால் போதும். துரைமார்கள் கடல் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு அவரைத்தான் கேட்பார்கள். கேட்டுவிட்டு நன்றி சொன்னார்களா? அது வேறு கதை!

கூலிக் கப்பல் வரும் நாளில் அவர் எண்ணுகிற விதத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தீவில் நோய்க் காவலில் அடைத்துவைத்த நாட்கள் முடிந்து, ஜனங்களைத் தொங்கானில் ஏற்றிப் பிறைக்குக் கொண்டுபோவார்கள். தொங்கான் சரக்குப் படகு. ஒரு தொங்கானுக்கு நாற்பது பேர்தான் கணக்கு. நல்லமுத்து தீவின் துறைப் படியில் நின்று ஒவ்வொரு தலையாகத் தொட்டு, சத்தமாக எண்ணுவார். நாகப்பட்டினத்துக் கிழவிகள் அதை ஆசீர்வாதம் என்று நினைத்துக் கும்பிடுவார்கள். நாற்பது ஆனதும் கையைக் குறுக்கே நீட்டிவிடுவார். "அடுத்த தொங்கான்லதான் இனிமே. என் கைய ஒடிச்சிட்டுப் போறவன் போகட்டும்" என்பார். அந்தக் கையை யாரும் தாண்டியதில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், அவரை ஏதோ சாக்குச் சொல்லிப் பிறைக்கு அனுப்பிவிட்டார்கள். படியில் நின்று எண்ணியது வேறொருவன். நாற்பது வரை எண்ணினான். "நீரோட்டம் மாறுது, சீக்கிரம்லா!" என்று ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி கத்தினான். எண்ணியவன் கையை நீட்டவில்லை. எண்ணுவதை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தான். எழுபத்தொரு பேர் ஏறினார்கள். நடுக்கடலில் தொங்கான் கவிழ்ந்தது. பதினான்கு பேர் செத்தார்கள்.

விசாரணையில், பிழைத்த சின்னம்மா என்ன சொன்னாள்? நான் என் காதால் கேட்டேன்: "படியிலேருந்து எறங்குன்னாங்க, எறங்குனோம். எடம் இல்லீங்கன்னு அழுதோம். இன்னும் இன்னும் எறக்குனாங்க." அவள் சொன்னது படியிலிருந்து தொங்கானுக்குள் இறங்கியதை. வாக்குமூலத்தை எழுதியவன் என்ன எழுதினான்? 'கூலிகள் தாங்களாகவே கடலில் இறங்கினார்கள்.' ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டான், மற்றதையெல்லாம் விழுங்கிவிட்டான். செத்தவர்கள் மேலேயே சாவின் பழியைப் போட்டுவிட்டான். தூ!

அந்தக் காகிதத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் கையெழுத்திட வேண்டும். நல்லமுத்து படித்துப் பார்த்தார். "நடுக்கடல்ல எறங்குறதுக்கு அங்க என்ன ஜாலானா, ரோடா போட்டு வச்சிருக்கு?" என்று கேட்டார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார்.

அதற்குக் கிடைத்த பரிசு என்ன? கடலில் வளர்ந்த மனுஷனை நிலக்கரிக் கொட்டகைக்குக் காவல் வைத்தார்கள். நாலு வருஷம் கரித்தூள். கடைசி மாதத்தில் அவர் இருமியது கறுப்பாக வந்ததென்று தனலெட்சுமி அம்மையாருக்குத் தெரியும். இன்று வாசிக்கப் போகும் இரங்கல் தீர்மானம் என் கையில் இருக்கிறது. 'இளைப்பாறும் பணியில் சில காலம் இருந்து' என்று எழுதியிருக்கிறார்கள். இளைப்பாறினாராம்! வெட்கமாக இல்லையா?

நல்லமுத்து போடாவிட்டாலும் அந்தக் காகிதத்தில் இரண்டு கையெழுத்து விழுந்தது. ஒருவர் ஊர் மாறிப் போய்விட்டார். இன்னொருவன் யார் என்று கேட்கிறீர்களா? படியில் நின்று நாற்பதோடு எண்ணுவதை நிறுத்தியவன் யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். உங்கள் முன்னால் நிற்கும் இந்த அய்யாக்கண்ணுதான்!

மூன்றாவது நாற்காலிக்காரரைப் பார்த்தால் எனக்குக் குமட்டுகிறது. கண்ணாடியைப் பார்த்தால் அதைவிட அதிகமாகக் குமட்டுகிறது. நான் கையெழுத்திட்ட அன்று மத்தியானம் நல்லமுத்து என்னிடம் வந்து, "கையெழுத்துப் போட்டியா?" என்று கேட்டார். "வேலை போயிடும்ணே" என்றேன். அவர் திட்டவில்லை. தன் சோற்றுப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். "கையக் கழுவிட்டுச் சாப்பிடு தம்பி" என்றார். நாலு வருஷமாகக் கழுவுகிறேன், ஐயா.

வருகிற வியாழக்கிழமை அடுத்த கூலிக் கப்பலின் ஜனங்கள் தீவிலிருந்து வருகிறார்கள். அதே ஒப்பந்தக்காரர், அதே தொங்கான்கள். அந்தக் காகிதம் நிற்கும்வரை அவரை யார் கேட்க முடியும்?

ஆகவே நல்லமுத்துவின் பெயரால் நான் செய்யப்போவது இதுதான். இதோ என் புதிய வாக்குமூலம். எழுபத்தொன்று என்று எழுதியிருக்கிறேன். என் பழைய கையெழுத்து பொய் என்று எழுதியிருக்கிறேன். நாளைக் காலை மாஜிஸ்திரேட்டிடம் கொடுப்பேன். வேலை போகட்டும். வியாழக்கிழமை உடுப்போடோ உடுப்பில்லாமலோ அந்தப் படியில் நின்று எண்ணுவேன். அக்கிராசனாதிபதி அவர்களே, அந்தத் தீர்மானத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இதைக் கூட்ட நடவடிக்கையில் பதிவு செய்யுங்கள்.

நான் ஒருவன் மட்டும் சொன்னால் குடித்துவிட்டு உளறுகிறான் என்பார்கள். இன்னொரு சாட்சி வேண்டும். யார் வருகிறீர்கள்?

பின்னால் ஒரு கை தெரிகிறது. யாரது? சின்னம்மாவா?

வழி விடுங்கள், அந்த அம்மாளுக்கு வழி விடுங்கள்! எழுதத் தெரியாவிட்டால் பரவாயில்லை, ரேகை போதும். மூன்றாவது நாற்காலி காலியாகிவிட்டது, பார்த்தீர்களா? வா தாயே, அதிலேயே உட்கார். நிதானமாகச் சொல். இந்த முறை நீ சொல்வதை முழுதாக எழுதிக்கொள்கிறோம்.