விருந்தினர் வாயில்

எனக்கு உதைபந்தாட்டம் பிடிக்கும், மிஸ். பார்க்க வருகிறவர்களைத்தான் பிடிக்காது. சாமியைப் பிடிக்கும், தேர்க் கூட்டம் பிடிக்காது என்று சொல்கிறவர்கள் இல்லையா, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேநீரை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறிவிடும். இரத்தினபுரியிலிருந்து இந்த மழையில் வந்திருக்கிறீர்கள். கொடகவெலயில் இறங்கி யாரிடம் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள் என்று சொன்னேன். பெரிய கிளாக்கரையா வீடு என்றுதான் காட்டியிருப்பார்கள். அப்பா போய்ப் பல வருடமாகிறது. தோட்டத்து ஆபீசின் பெரிய கிளார்க் அவர்தான், பேனையை எடுத்தால் மலையில் பேச்சு நின்றுவிடும். அப்படி வாழ்ந்தவர்.

வாயிலைப் பற்றிக் கேட்டீர்கள். வருகிறேன். அதற்கு முன்னால் ரசிகர்கள் என்றால் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். வழக்குப் பேசுகிற சட்டத்தரணிகள் நீங்கள், அவர்களை இறந்த பிறகுதான் பார்க்கிறீர்கள். நான் உயிரோடு பார்த்தவன்.

வளைகுடாவில் அந்த மைதானத்தில் நான் பாதுகாப்பு மேற்பார்வையாளனாக இருந்தேன். எல்லாத் தேசத்துக் கூட்டமும் என் கண் முன்னால் வந்து போயிருக்கிறது. வெள்ளைக்காரன் குடிக்காமலே சட்டையைக் கழற்றுவான். சிலர் தாய் செத்ததுபோல் அழுவார்கள். வங்கியில் வேலை பார்க்கிறவன் முகத்தில் சாயத்தைப் பூசிக்கொண்டு, தன் பிள்ளைக்கு முன்னால் நடுவரின் தாயை ஏசுவான். கடையில் ஒரு ரூபாய் குறைத்துக் கேட்கக் கூச்சப்படுகிறவன் எல்லாம் கூட்டத்துக்குள் வந்துவிட்டால் சிங்கம். கூட்டத்தை விட்டு வெளியே எடுத்துத் தனியாக நிறுத்துங்கள், பஸ்ஸுக்கு வழி கேட்பான்.

சில நாடுகள் தங்கள் ரசிகர்களோடு தங்கள் பொலிஸையும் அனுப்பும். சாதாரண உடையில் ஓர் ஓரமாக நிற்பார்கள். உள்ளூர் பொலிஸிடம் மெதுவாக, அதோ அந்தத் தொப்பிக்காரன், இதோ இந்தக் குள்ளன் என்று காட்டிக் கொடுப்பார்கள். முகத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லுகிற வேலை. அந்த வேலையின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

அதனால் இலங்கை அணி அங்கே ஆட வந்தபோது, நம் நாட்டிலிருந்து அப்படி யாரும் வராதபோது, பொலிஸ் அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கேட்டதில் ஆச்சரியமில்லை. எனக்குத் தமிழ், சிங்களம், ஹிந்தி, ஆங்கிலம் எல்லாம் வரும், அரபு சமாளிப்பேன். உங்கள் ஆட்கள் எப்படி, சண்டைக்காரர்களா என்று கேட்டார். அடைத்து வைத்தால் அடங்கி இருப்பார்கள் என்று சொன்னேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. விருந்தினர் ரசிகர்களின் வாயில் என் பொறுப்பில் வந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. விடுமுறை. மஷூர் என்று ஒரு மாவனல்லைக்காரர், அங்கே சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்தார், அவர்தான் பஸ்களை ஒழுங்கு செய்து எல்லாரையும் அழைத்து வந்தார். கட்டிட வேலைக்காரர்கள், சாரதிகள், துப்புரவுக்காரர்கள், வீட்டு வேலைப் பெண்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாம் ஒரே மாதிரிச் சட்டை. ஊரில் ஒரே பஸ்ஸில் ஏறினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கடல் தாண்டியதும் கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள்.

சுரேந்திரன் அந்தக் கூட்டத்தில்தான் வந்தான். அவன் எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துப் பையன். அவன் அம்மா ஜெயம்மா மலையில் கொழுந்து பறித்துவிட்டு, எங்கள் குவார்ட்டர்ஸில் பாத்திரம் கழுவ வருவாள். அவன் பின்பக்கப் படியில் உட்கார்ந்திருப்பான். உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. அவனாகவே வரமாட்டான். அந்த அறிவு அப்போது இருந்தது. வளர்ந்து வளைகுடாவுக்குப் போய்க் கட்டிடக் கண்ணாடி துடைத்தான். உயரத்தில் தொங்குகிற வேலை. அதனால் மற்றவர்களை மேலிருந்து பார்க்கிற பழக்கம் வந்திருக்கலாம்.

என்னைக் கண்டதும் வரிசையை விட்டு ஓடி வந்தான்.

"அண்ணே, நம்ம கிளாக்கரையா மகன்தானே நீங்க? நான் ஜெயம்மா மகன், சுரேன். தெரியலையா?"

சொல்லிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தான். என் சீருடையில் அவன் வியர்வை பட்டது. என்கீழ் வேலை செய்த நேபாளப் பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் திரும்பி ஹிந்தியில், இவரும் நானும் ஒரே தோட்டம், இவர் அப்பாதான் எங்கம்மாவுக்கு நாள் சம்பளத்துக்குப் பெயர் போடுவார் என்று பெருமையாகச் சொன்னான். அந்தப் பையன்களுக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாகத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள். நான் அப்படிச் சொன்னதில்லை, மிஸ். அவர்கள் எண்ணினார்கள். நான் திருத்தவில்லை, அவ்வளவுதான்.

நான் கோபப்படவில்லை. அவன் தோளில் மாட்டியிருந்த மேளத்தை வாங்கி ஓரமாக வைத்தேன். மேளம் உள்ளே கொண்டுபோக அனுமதியில்லை, அது விதி. "சரிண்ணே, நீங்க சொன்னா சரி" என்று போய்விட்டான். உள்ளே போய், எங்கிருந்தோ ஒரு காலித் தண்ணீர்க் கேனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அடிக்கத் தொடங்கினான். தண்ணீர்க் கேனுக்கு விதி இல்லை.

ஆட்டம் எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியும். ஆறு கோல் வாங்கினோம். ஒன்றுகூடத் திருப்பிப் போடவில்லை. ஒவ்வொரு கோலுக்கும் நம் ஆட்கள் எழுந்து ஆடினார்கள். அடி வாங்குகிறவன் அடிக்கு ஒரு தாளம் போடுவதை நான் அங்கேதான் பார்த்தேன். எதிரணி ரசிகர்கள் கைதட்டி, கைத்தொலைபேசியில் படம் பிடித்தார்கள். இவர்கள் கையசைத்தார்கள். ஐந்தாவது கோலுக்குப் பிறகு மைதானத்தில் பார்க்க எதுவும் இல்லாததால் என்னைப் பார்க்கத் தொடங்கினார்கள். சுரேந்திரன்தான் எடுத்துக் கொடுத்தான்.

"கேட்டுல நிக்கிறது யாரு, நம்ம கிளாக்கரையா மகன் பாரு."

கேனில் பப்பரே தாளம், நம் ஊர் மேட்ச்களில் பாண்ட் அடிக்கிறார்களே, அது. மற்றத் தமிழ்ப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். அர்த்தம் தெரியாத சிங்களப் பையன்களும் சேர்ந்து பாடினார்கள். நேபாளப் பையன்கள் காலால் தாளம் போட்டார்கள். சுரேந்திரன் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினான், ஏதோ எனக்கு மாலை போடுகிறவன் மாதிரி. அன்பாகத்தான் பாடினான் என்று பிறகு மஷூர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். இருக்கலாம். நாயும் அன்பாகத்தான் மேலே ஏறுகிறது.

ஆட்டம் முடிந்ததும் பைகளை எடுத்துக் குப்பை பொறுக்கினார்கள். மேலே நின்ற பொலிஸார்கூடப் பாராட்டினார்கள். எங்கே போனாலும் கூட்டிப் பெருக்குகிற பழக்கம் விடாது என்று எனக்குத் தோன்றியது.

விருந்தினர் ரசிகர்களைக் கொஞ்ச நேரம் உள்ளேயே வைத்திருப்பது எல்லா நாட்டிலும் வழக்கம். உள்ளூர்க் கூட்டம் கலைந்த பிறகுதான் இவர்களை விடுவது. அவர்கள் பகுதியிலிருந்து படிகள் ஒரு குறுகலான பாதையாகக் கீழே இறங்கும். அதன் முடிவில் இரும்புக் கம்பிக் கதவு. கதவுக்கு வெளியே நான். சாவி என்னிடம்.

வெளியே தெரு வெறுமையானதும் அதிகாரி ரேடியோவில் திறக்கச் சொன்னார். இவர்கள் இன்னும் அமைதியாகவில்லை என்று சொன்னேன். அது பொய் இல்லை. கதவு பூட்டியிருந்ததால் அமைதியாக இல்லை. வீட்டு வேலைப் பெண்கள் இருட்டுவதற்குள் எஜமானி வீட்டுக்குப் போக வேண்டும் என்று தவித்தார்கள். படிகளில் காற்று இல்லை. கித்துல்கலப் பக்கத்து றப்பர் தோட்டத்துப் பெண், கிருஷ்ணகுமாரி, கதவடியில் மயங்கி விழுந்தாள். உங்களிடம் வந்தது அவள்தான் என்று எனக்குத் தெரியும்.

மஷூர் கம்பிக்கு அருகில் வந்தார். "சேர், ஒரு பொம்புளப் புள்ள விழுந்துட்டா. கொஞ்சம் தொறந்து உடுங்க சேர், நான் எல்லாரையும் லைன்ல கொண்டு போறன்" என்றார். கண்ணியமான மனிதர். அவர் கேட்டதற்காக நான் சாவியைக் கையில்கூட எடுத்தேன். அப்போது சுரேந்திரன் அவரை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, "என்னண்ணே வெளாட்டு இது, தொறங்கண்ணே" என்றான். விளையாட்டு என்றான். நான் சாவியைச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

"ஒழுங்காகக் கேள்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. உண்மையாகவே புரியவில்லை. அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

நேபாளப் பையன்களை வாகனத் தரிப்பிடத்துக்கு அனுப்பினேன். பிறகு அதிகாரி மறுபடியும் கூப்பிட்டு, ஏன் இன்னும் ஒருவரும் வெளியே வரவில்லை என்று கேட்டார். இதைத்தானே கேட்க வந்தீர்கள். சொல்கிறேன். கதவு திறந்துதான் இருக்கிறது, சேர், இவர்கள் போக மறுத்துப் படிகளில் உட்கார்ந்துகொண்டு உங்கள் நாட்டை ஏசுகிறார்கள் என்று சொன்னேன்.

பொலிஸார் பொலிஸார் செய்வதைச் செய்தார்கள். மேலே இருக்கும் கதவால் வந்து, கேடயங்களைக் கோத்துக்கொண்டு, மேலே மிச்சமிருந்தவர்களைப் படிகளை நோக்கித் தள்ளினார்கள். கீழே வழி இருக்கிறது என்று அவர்கள் நம்பினார்கள். அவர்கள் மேல் தவறில்லை. நானும் யாரையும் தொடவில்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். மழைச் சத்தத்தில் கேட்கவில்லையா? இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறேன்.

கூட்டம் கூச்சல் போடும் என்று நினைப்போம். முதலில் போடும். பிறகு போடாது. கூச்சலுக்கு மூச்சு வேண்டும். சுரேந்திரன் எனக்கு ஒரு கை தூரத்தில் இருந்தான். கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்து, முதுகை வளைத்து, காலடியில் கிடந்த கிருஷ்ணகுமாரிக்கு மேல் ஒரு கூரை மாதிரி நின்றான். அவனுக்குப் பின்னால் அத்தனை பேரின் பாரமும் இருந்தது. அவள் பிழைத்தது அதனால்தான். அதை நான் மறுக்கவில்லை. அவனிடம் பலம் இருந்தது. நான் சொன்னது மரியாதையைப் பற்றி.

எல்லாம் அடங்கிய பிறகு பூட்டைத் திறந்தேன். பொலிஸார் கீழே வந்தபோது கதவு திறந்துதான் இருந்தது. செத்தது ஏழு பேர் என்று பிறகு சொன்னார்கள்.

சுரேந்திரனின் பெட்டியோடு ஊருக்கு வந்தவன் நான். கம்பனி டிக்கெட் தந்தது. தோட்டமே வாசலில் நின்றது. ஜெயம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எம் புள்ளைய அநாதையா விடாம கொண்டாந்து சேத்தீங்களே ஐயா, நீங்க நல்லா இருக்கணும் ஐயா" என்று அழுதாள். பாருங்கள், அந்தத் தலைமுறைக்கு எப்படிப் பேசுவது என்று தெரிந்திருக்கிறது. பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதை அவளிடம் நான் சொல்லிக் காட்டவில்லை. துக்க வீட்டில் அப்படிப் பேசுவது அழகில்லை.

அங்கே விசாரணை நடந்தது. கதவு பூட்டியிருந்தது என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். திறந்திருந்தது என்று பொலிஸார் சொன்னார்கள். இரண்டையும் பொருத்துவதற்காக, பூட்டு இறுகிவிட்டது, பொறுப்பாளருக்குத் திறக்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டினார்கள். பூட்டு விற்றவன் தண்டம் கட்டினான். எனக்கு அனுதாபம் சொல்லி ஊருக்கு அனுப்பினார்கள். மிஸ், நான் வாழ்நாளெல்லாம் வாயில் காத்தவன். திறக்கத் தெரியாதவன் என்று என்னைச் சொல்லிவிட்டார்கள். இங்கே கடைத்தெருவில்கூடப் பாவம், பதறிப் போயிட்டாரு என்கிறார்கள். நீங்கள் வர வேண்டும் என்று நான் சொன்னது அதற்காகத்தான். எழுதிக்கொள்ளுங்கள். பூட்டு நன்றாக இருந்தது. நான் பதறவில்லை. தெரிந்துதான் பூட்டி வைத்தேன், தெரிந்துதான் அதிகாரியிடம் அப்படிச் சொன்னேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன்.

கிருஷ்ணகுமாரி உங்களிடம் இன்னொன்றும் சொல்லியிருப்பாள். கடைசியில் சுரேந்திரன் என்னை சேர் என்று கூப்பிட்டான் என்று. மயங்கிக் கிடந்தவள் கனவு கண்டிருக்கிறாள் என்று நான் சொல்லிவிடலாம். சொல்லமாட்டேன். அவள் சொல்வது சரி. "சேர், தொறங்க சேர்" என்றான். எனக்குத் தெளிவாகக் கேட்டது.

ஆனால் பாட்டை எல்லாருக்கும் கேட்கும்படி பாடியவன், இதை எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தான். அது நியாயமில்லை அல்லவா. அதனால் இன்னொரு தடவை, பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொல்லச் சொன்னேன். அவன் சொல்லியிருந்தால் உடனே திறந்திருப்பேன், மிஸ். நான் அவனுக்கு வேண்டிய நேரம் கொடுத்தேன்.