நீலம் பூசிய காற்றுக் குழாய்

குழாய் தேர்ந்தெடுப்பது பெரிய வித்தை இல்லை ஐயா. தண்ணீருக்கா, காற்றுக்கா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

டயர் ஆலையில் இருபத்திரண்டு வருடம் காற்றுக் குழாய்களைக் கட்டி மேய்த்தவன் நான். என் தங்கையின் கணவருக்கு அது தெரியும். இருந்தும் புது வீட்டு விருந்தில் தன் மேலதிகாரியிடம், "நம்ம மச்சான். குழாய் ஒழுகினா கூப்பிடுங்க, சோறு போட்டா போதும்" என்று என்னை அறிமுகம் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாயில் சோறு இருந்தது.

மாப்பிள்ளைக்கு இருப்பது ஒரே கார். அதற்குக் காற்றடிக்க ஆளுயரக் கம்ப்ரஸர் வாங்கி, கார் ஷெட்டுக்குப் 'பணிமனை' என்று பலகையும் மாட்டினார். சுவரோரம் காற்று ஓடத் தாமிரக் குழாய் போடச் சொன்னேன், இல்லாவிட்டால் அலுமினியம். அவர் இணையத்தில் மூன்று வீடியோ பார்த்துவிட்டு வெள்ளை பிவிசி குழாய்க் கட்டோடு வந்தார். "உங்க காலம் வேற மச்சான். நீங்க பிடிங்க, நான் ஒட்டறேன்."

பிடித்தேன்.

பிவிசியில் தண்ணீர் ஓடி, விரிசல் விட்டால் ஒழுகும், அவ்வளவுதான். அழுத்திய காற்று மாதக்கணக்கில் சாதுவாக இருந்துவிட்டு, ஒரு நாள் குழாயைச் சில்லுசில்லாகச் சிதறடிக்கும். 'காற்றுக்கு ஆகாது' என்று குழாயின் மேலேயே அச்சடித்திருந்தது. மாப்பிள்ளை படிக்கிற ரகம் இல்லை, பேசுகிற ரகம்.

நான் படித்தேன். ஆலையில் காற்றுக் குழாய்க்கு நீலம் பூசுவது வழக்கம் என்று சொல்லி, பெயின்ட்டும் நானே வாங்கிவந்து, எழுத்து மறையும்படி இரண்டு பூச்சு கொடுத்தேன். பணிமனைக்குக் களை வந்துவிட்டதாம். தோளில் தட்டினார். ஆயுளில் அவர் என்னைப் பாராட்டிய ஒரே தடவை அது.

ஏழு மாதம் தாங்கியது. குளிரான ஒரு காலையில் வெடித்தது. மாப்பிள்ளை வெளியூரில் இருந்தார். டயர் இறங்கியிருக்கிறதே என்று காற்றடிக்கப் போனவள் என் தங்கை. சில்லு கழுத்தில் இறங்கியது. ஆஸ்பத்திரி வரைகூடத் தாங்கவில்லை.

பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள். அவர் படட்டும் என்றுதான் நினைத்தேன். தன் காரைத் தானே பார்த்துக்கொண்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது. அந்த வகையில் பொறுப்பு அவருடையதுதான்.

தாமிரம் என்று ஒருமுறை சொன்னேன், அதன்பிறகு யாரும் என்னைக் கேட்கவில்லை என்று முதல் நாள் ஸ்டேஷனில் உங்களிடம் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு சின்னத் திருத்தம்.

பெயின்ட் காய்ந்துகொண்டிருந்தபோது தங்கை தேநீர் கொண்டுவந்தாள். "அவர்கிட்ட கேட்டா கத்துவார். நீ சொல்லுண்ணா, இது பத்திரம்தானே?"

டம்ளரை வாங்கிக்கொண்டு, "நான் இருக்கேன்ல" என்றேன்.