மென்னு வெச்ச உருண்டை

வாயில எதையாவது மென்னுட்டிருக்கறவங்க இப்பவே முழுங்கிடுங்க. அப்புறம் உள்ள இறங்காது.

மத்தியானம் பன்னெண்டு மணி. மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போற ரோடு. ஈ காக்கா இல்ல... பேய்க்கு ராத்திரிதான் நேரம்னு யாரு சொன்னா?

அந்த ரோட்டுல தனியா பைக்ல போனது என் சிநேகிதனோட மச்சான். பட்டப்பேரு தகரம். சும்மா வெக்கல. சுரங்கத்துத் தொப்பி, கரி புடிச்ச விளக்கு, கிரீஸ் டப்பா, வெடி வந்த மரப்பெட்டி... எவன் தூக்கிப் போட்டாலும் இவன் வீட்டுக்குத்தான் வரும். கழுவவும் மாட்டான். அழுக்கு போனா மதிப்பு போயிடுமாம்!

பொண்டாட்டி எவ்வளவுதான் பொறுப்பா? இப்பத்தான் ரெண்டு பல்லு முளைச்ச குழந்தை. கைக்குக் கிடைச்சதெல்லாம் வாய்க்குப் போகுது. "இனிமே ஒரு டப்பா உள்ள வந்துச்சு, நானும் குழந்தையும் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவோம்"னு சொல்லிட்டா. இவனும் குழந்தை மேல சத்தியம் பண்ணினான். பண்ணிட்டுத்தான் கிளம்பினான்.

சுரங்க வாசல்ல ஒரு பழைய இரும்புக் கடை. கடைக்காரர் உள்ளங்கை அகலத்துல ஒரு டப்பாவை நீட்டினார். கையால இல்ல... இடுக்கியால. மெல்லுற புகையிலை வந்த டப்பா. சுரங்கத்துக்குள்ள பீடி பத்த வெக்க முடியாதில்ல, அதனால எல்லாரும் புகையிலைதான்.

"உள்ள ஒண்ணு கிடக்குப்பா. கொட்டிட்டுத் தர்றேன்."

"ஐயையோ, கொட்டாதீங்கண்ணே! உள்ள இருக்கறதோட இருந்தாத்தான் மதிப்பு."

"ஒருத்தன் பாதி மென்னு வெச்ச புகையிலை உருண்டை. ஏறி வந்து மிச்சத்தை மென்னுக்கிறேன்னு சொல்லிட்டு இறங்கினான். அன்னிக்குத்தான் சுரங்கம் உள்ள சரிஞ்சுது. அவன் ஏறவே இல்ல."

இவன் காதுல விழுந்தாத்தானே! டப்பா மேல அச்சடிச்ச எழுத்து பழசா புதுசான்னு பாக்க இவனுக்கு ஒரு வழக்கம். கட்டைவிரலை நக்கி, அந்த எச்சிலோட மூடியைத் தேய்ப்பான். தேய்ச்சான். சாயம் வரல. அசல்! அந்த சந்தோஷத்துல மறந்துபோய்... அதே விரலைத் திரும்ப நக்கிட்டான். சீ! கரித்தூள் ருசி. அதுக்கு அடியில... வேற ஒருத்தன் வாய் ருசி. வழி நெடுக துப்பிக்கிட்டே வந்தான். போகல.

டப்பாவை பீரோ மேல ஒளிச்சு வெச்சான்.

அன்னிக்கு ராத்திரி... சவக். கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. மறுபடி... சவக்.

"என்னத்தங்க மெல்லுறீங்க, இந்நேரத்துல?" தூக்கத்துலயே கேட்டா பொண்டாட்டி.

இவன் வாய் சும்மாதான் இருந்துச்சு. சத்தம் பீரோ மேலேர்ந்து வந்துச்சு.

மெதுவா இறக்கி மூடியைத் திறந்தான். எத்தனையோ வருஷம் காஞ்சு கிடந்த உருண்டை... ஈரமா இருந்துச்சு. மூடியோட சேர்ந்து எச்சில் நூலா இழுத்துச்சு. தொட்டா வெதுவெதுன்னு இருக்கு. அழுகின பல்லு நாத்தம். வாந்தியே வந்துடுச்சு அவனுக்கு. அப்பவாவது தூக்கிப் போட்டானா? ரப்பர் பேண்டைச் சுத்தி மறுபடி அங்கயே வெச்சான். இவனையெல்லாம் என்னன்னு சொல்றது!

விடிஞ்சதும் பொண்டாட்டி மூக்கைப் பொத்திக்கிட்டு வீடு பூரா தேடினா. "எலி செத்திருக்கும்மா"ன்னு புளுகிட்டான். மாட்டினா குழந்தையோட போயிடுவாளேன்னு அப்பத்தான் உறைச்சுது. டப்பாவைத் துண்டுல சுத்தி எடுத்துட்டு ஓடினான். கையில லேசா இருந்துச்சு. திறந்து பாக்க மனசு வரல. சாக்கடையில வீசி, முழுகினதைப் பாத்துட்டுத்தான் திரும்பினான்.

வாசல்ல பொண்டாட்டி பெட்டியோட நிக்கிறா. இடுப்புல குழந்தை.

"நீங்கல்லாம் ஒரு மனுஷனா? த்தூ!"

"என்னம்மா பண்ணினேன்?"

"இப்பத்தானே பின்கட்டு வழியா வந்தீங்க, மூஞ்சியெல்லாம் கரியோட? உங்க வாயில மென்னதை எடுத்துக் குழந்தை வாயில வெச்சுட்டுப் போனீங்களே! என் கண்ணால பாத்தேன். எடுக்கலாம்னு விரலை விட்டா கடிக்குது."

குழந்தையைப் பாத்தான். அழல. தாடை மட்டும் அசையுது... சவக்... சவக்...

அப்புறம் ரெண்டு விரலை உதட்டுல வெச்சு, நடுவுல, நாள்பட்ட புகையிலைக்காரன் மாதிரி...

பிளிச்னு துப்புச்சு. கறுப்பா.