ஸ்டோர் அலமாரிப் பூட்டும் மூன்று ஸ்டென்ட் பெட்டிகளும்

என் பெயரும் விலாசமும் மேல்தாளில் எழுதியபடி சரியானவை. வயது முப்பத்தொன்பது. இருதயக் குழாய் சிகிச்சை அறையில் பதினோரு வருடமாக டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரி ஸ்டோர் அதிகாரி கொடுத்த திருட்டுப் புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. பூட்டை உடைத்தது நான்தான்.

சம்பவத்தன்று காலை பத்தரை மணிக்கு, எழுபத்தாறு வயதான ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருக்கு, நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாக இருதயத்தில் புது வால்வு வைக்கும் சிகிச்சை தொடங்கியது. முழு மயக்கம் தரவில்லை. "இன்ஜின ஆஃப் பண்ணாமலே வால்வு மாத்துறீங்க, கில்லாடிங்கதான்" என்று அவர் சொல்ல, டாக்டரே சிரித்துவிட்டார். பன்னிரண்டேகாலுக்கு வால்வு கச்சிதமாக உட்கார்ந்தது. அதன் பிறகு, வால்வைக் கொண்டுபோன குழாயை வெளியே இழுத்த சற்று நேரத்தில், அவர் "முதுகுல கத்தி இறங்குற மாதிரி இருக்கும்மா" என்றார். ரத்த அழுத்தம் அறுபதுக்கு விழுந்தது. உடனே மருந்து செலுத்திப் படம் எடுத்ததில், நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்திருப்பது திரையில் தெரிந்தது. டாக்டர் கிழிசலுக்கு மேலே பலூனை ஊதி அடைத்துவிட்டு, இது ரொம்ப நேரம் தாங்காது, கிழிசலை உள்ளிருந்தே மூடும் உறை போட்ட ஸ்டென்ட் வேண்டும் என்றார். அது அறையில் இல்லை.

அதன் பிறகு நான், எக்ஸ்ரே கதிர் படாமலிருக்கப் போடும் ஏழு கிலோ ஈய அங்கியைக்கூடக் கழற்றாமல் கீழ்த்தள ஸ்டோருக்கு ஓடினேன். ஸ்டோர் அதிகாரி ஸ்டென்ட் இருக்கும் அலமாரியின் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போயிருந்தார். போன் செய்தேன், போன் அவர் மேஜையிலேயே அடித்தது. அதன் பிறகு ஆக்சிஜன் சிலிண்டர் திருகும் ஸ்பேனரை எடுத்துப் பூட்டை அடித்தேன். காவலாளி வந்து, "அக்கா, என்ன பண்றீங்க?" என்றார். "பாத்தா தெரியல? பூட்ட உடைக்கிறேன். நீயும் ஒரு அடி போடு" என்றேன். அவர் போடவில்லை, அவர்மீது குற்றமில்லை. நான்காவது அடியில் பூட்டு தெறித்தது. டாக்டர் எந்த அளவு கேட்பாரோ என்று உள்ளே இருந்த மூன்று ஸ்டென்ட் பெட்டிகளையும் அள்ளிக்கொண்டு மேலே ஓடினேன்.

டாக்டர் "இருபத்தெட்டு" என்றார். கொடுத்தேன். பலூனைச் சுருக்கிய கையோடு ஸ்டென்டை ஏற்றி விரித்தார். மறுபடி படம் எடுத்தால் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. அழுத்தம் எண்பது, நூறு, நூற்றுப்பத்து என்று ஏறியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அங்கியோடு நர்ஸைக் கட்டிப்பிடித்ததில், "மூச்சு முட்டுது, விடுடி" என்று திட்டு வாங்கினேன். இதைச் சொல்லும்போது இப்போதும் சிரிப்பு வருகிறது, மன்னிக்கவும்.

களவுபோன பொருள் எங்கே என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு: இரண்டு பெட்டிகளைப் பிரிக்காமல் அன்று மாலையே ஸ்டோரில் வைத்துவிட்டேன். மூன்றாவது டிரைவர் ஐயாவின் உடம்புக்குள் இருக்கிறது. கைப்பற்றுவதானால் அவரைத்தான் கேட்க வேண்டும். நேற்று அவர் வார்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தானே நடந்தார். கையைப் பிடிக்க வந்த மகளிடம், "தள்ளும்மா, ஓவர்டேக் பண்ணப் போறேன்" என்றார்.

ஸ்டென்ட் ஏன் அறையில் இல்லை என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். ஒவ்வொரு வால்வு சிகிச்சைக்கு முன்பும் அதை ஸ்டோரிலிருந்து வாங்கி அறையில் வைத்துவிட்டு, சரிபார்ப்புத் தாளில் டிக் போடுவது என் வேலை. இருநூறு சிகிச்சைகளில் ஒருமுறையும் தேவைப்படாததால், சில மாதங்களாக வாங்காமலே டிக் போட்டுவந்தேன். அன்றும் போட்டேன். அந்தத் தாளைக் கொண்டுவந்திருக்கிறேன், இத்துடன் ஒப்படைக்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)