துவக்குக்குச் சம்மதம்

ஹொல்ஸ்டெப்ரோ நகரப் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள். இளையவர் அந்தக் கோடையில்தான் ஊரிலிருந்து கணவரிடம் வந்து சேர்ந்தவர் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

“பக்கத்து வீட்டுப் பொலிஸ்காரர் தன்ரை துவக்கை வாங்க என்னட்டையெல்லோ சம்மதம் கேட்டவர், அக்கா.”

நான் இறங்க வேண்டிய இடம் வந்தது. எழும்பவில்லை.

“உன்னட்டையோ? ஏன்?”

“அவர் பென்சனிலை போறார். வேலையிலை இடுப்பிலை வைச்சிருந்த துவக்கை அவருக்கே விலைக்குக் குடுக்கினமாம். ரெண்டு வீட்டுக்கும் நடுவிலை ஒரு சுவர்தானே. ‘நீ துவக்குச் சத்தத்துக்குள்ளை இருந்து வந்த பிள்ளை, வேண்டாமெண்டால் நான் வாங்கேல்லை’ எண்டவர்.”

“நீ என்ன சொன்னனீ?”

“பூட்டி வைப்பாரோ எண்டு இவரைக் கொண்டு கேட்டனான். கூட்டிக்கொண்டு போய் இரும்புப் பெட்டியைக் காட்டினவர்.”

“உடனை ஓம் எண்டிட்டியாக்கும்.”

“இல்லை. அவர் போட்டுத்தந்த கோப்பியை ஆறுதலாக் குடிச்சனான். மனுசன் என்ரை முகத்தையே பாத்துக்கொண்டு இருந்தவர். குடிச்சு முடிச்சுத்தான் ஓம் எண்டனான்.”

“பாவமடி, கிழவன்!”

“என்ன பாவம்? இவர் என்னை இஞ்சை கூப்பிடக் கேட்டதுக்கு இந்த நாடு மூண்டு வருசமா ஓம் எண்டு சொல்லேல்லை. நான் காக்க வைச்சது ஒரு கோப்பி நேரந்தானே, அக்கா!”